மற்றும் சகோதரிகள்

ஏப்ரல் கடைசி வாரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் கால் வைக்க இடமிருக்காது. சார்ட் அட்டை, கிளேஸ் தாள், பசை டப்பா, பழைய கல்யாணப் பத்திரிகைகள், கழுவிக் காயவைத்த ஐஸ் குச்சிகள். அம்மா அரசுப் பள்ளி ஆசிரியை. முழுப்பரீட்சை விடைத்தாள்களைத் திருத்தி முடித்த கையோடு விடுமுறை வேதாகமப் பள்ளி வேலையில் இறங்கிவிடுவார். சபையில் எல்லோரும் அதை வி.பி.எஸ். என்றுதான் சொல்வோம். மே மாதத்தில் பத்து நாள். பாட்டு, கதை, மனன வசனம், கைவேலை, பதினோரு மணிக்குச் சுண்டலும் ரஸ்னாவும். நூற்றிருபது பிள்ளைகளுக்குக் குறையாது. அவர்களில் பாதிப்பேர் சபைப் பிள்ளைகளே அல்ல. பெற்றோர் விசைத்தறிக்குப் போய்விட்டால் பகலில் இருக்க வேறு இடமில்லாத பிள்ளைகள். அம்மா இதை 22 ஆண்டுகள் நடத்தினார், ஓர் ஆசிரியைக்கு ஆண்டில் கிடைக்கிற ஒரே நீண்ட விடுமுறையில்.

நிறைவு விழா நோட்டீஸ்கள் சில இன்னும் என்னிடம் இருக்கின்றன. தலைமை: போதகர். முன்னிலை: சபைச் செயலாளர், பொருளாளர். சிறப்புச் செய்தி: வெளியூர் ஊழியர் ஒருவர். வாழ்த்துரை: டீக்கன்மார் ஐவர், படிப்போடும் உத்தியோகத்தோடும். எல்லாவற்றுக்கும் கீழே, அச்சகத்தின் பெயருக்குச் சற்று மேலே ஒரு வரி: ஏற்பாடு, ஞாயிறு பள்ளிக் குழுவினர் மற்றும் சகோதரிகள்.

பத்து வயதில் அந்த வரிக்குள் அம்மா எங்கே இருக்கிறார் என்று தேடியிருக்கிறேன். பிறகு தமிழ் படித்தேன். எண்ணும்மை என்று ஓர் இலக்கணம் உண்டு. இன்னாரும் இன்னாரும் இன்னாரும் என்று ஒவ்வொருவரையும் சொல்லி எண்ண வேண்டும். ‘மற்றும்’ போட்டால் எண்ண வேண்டியதில்லை.

பெயர் போடாத குறையைச் சொல்ல நான் இதை எழுதவில்லை. பெயர் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று நம்பும் டீக்கன்மார் உண்டு. எங்கள் சபையில் சில ஆண்டுகளாகப் போடவும் செய்கிறார்கள், புகைப்படத்தோடு. என் சண்டை பீடத்தைப் பற்றியது. கோடையில் பத்து நாள் நூற்றிருபது பேருக்கு வேதம் போதிக்கத் தகுதியுள்ள ஒருத்தி, பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை ஐம்பது குடும்பங்களுக்குப் போதிக்கத் தகுதியில்லாமல் போவது எப்படி? பிள்ளைகளின் வயது கூடக்கூட அவளுடைய அறிவு குறைந்துகொண்டே போகிறதா?

இந்த வி.பி.எஸ். யார் கண்டுபிடித்தது என்று சபையில் கேட்டுப் பாருங்கள். தெரிந்தவர்கள் ராபர்ட் போவில் என்பார்கள். அவர் நியூயார்க் பாப்டிஸ்ட் மிஷன் அமைப்பைச் சேர்ந்தவர். இதை ஓர் இயக்கமாகப் பரப்பினார். ஆனால் அவருக்கு முன்பே, 1898இல், நியூயார்க்கின் கிழக்குப் பகுதித் தெருக்களில் கோடை முழுக்க அலைந்துகொண்டிருந்த குடியேறிகளின் பிள்ளைகளைப் பார்த்து, எபிஃபனி பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்த ஒரு பெண் பள்ளி தொடங்கினார். அவருக்குக் கிடைத்த இடம் ஒரு பீர்க்கடை. அதை வாடகைக்கு எடுத்தார். சாராய வாடையில் வேதமா என்று அவருடைய போதகருக்குப் பிடிக்கவில்லை. ஆலயத்தில்தான் நடத்த வேண்டும் என்றார். ஆலயத்துக்கு மாற்றியதும் பிள்ளைகள் குறைந்தார்கள். அந்த அம்மாள் பேசாமல் பீர்க்கடைக்கே திரும்பிப் போனார் என்று வரலாறு சொல்கிறது. 1901இல் உடல்நலம் கெட்டு ஓய்வு பெறுவதற்குள் ஏழு பள்ளிகள். அவருடைய பெயரும் பல நூல்களில் திருமதி வாக்கர் ஆய்லெட் ஹாவ்ஸ் என்றே இருக்கிறது. அது கணவரின் பெயர். பீர்க்கடை வரைக்கும் போனவர், பதிவேட்டில் திருமதி என்ற சொல்லைத் தாண்டிப் போக முடியவில்லை.

என் துறை தமிழ் என்பதால் ஒரு சொல்லை இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஊழியம். சபைக்குள் மிக மரியாதையான சொல் இது. ‘ஐயா முழுநேர ஊழியத்துல இருக்காங்க’ என்றால் நாற்காலி வரும், காப்பி வரும், கவர் வரும். ஆனால் பழைய திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் ஒடுக்கப்பட்ட சாதியார் அரசுக்கும் கோயிலுக்கும் கூலியில்லாமல் கட்டாயமாகச் செய்ய வேண்டிய வேலை. அதை எதிர்த்துப் பேசியவர்களில் மிஷனெரிகளும் உண்டு. அதே சொல்லைத்தான் கிறிஸ்தவத் தமிழ் எடுத்துத் துடைத்து மேலே வைத்தது. துடைத்தது ஆண்களுக்கு மட்டும்தானோ என்று எனக்கு ஐயம். எங்கள் சபையில் போதகர் செய்யும் ஊழியத்துக்குச் சம்பளம், வீடு, பெட்ரோல் படி. அம்மா செய்த ஊழியம் பழைய திருவிதாங்கூர் ஊழியம்.

பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் பெபேயாள் என்ற பெண்ணைச் சபைக்கு அறிமுகப்படுத்துகிறார். கிரேக்கத்தில் அவளுக்கு இட்ட சொல் ‘தியாகொனொஸ்’. பவுல் தன்னைக் குறிக்கவும் அதே சொல்லைப் பயன்படுத்துகிறார். தமிழில் பவுல் ஊழியக்காரன், பெபேயாள் ஊழியக்காரி. மொழிபெயர்ப்பில் குற்றமில்லை. காதில்தான் குற்றம். ஊழியக்காரன் என்றதும் நமக்கு வெள்ளைச் சட்டையும் ஒலிவாங்கியும் தெரிகின்றன. ஊழியக்காரி என்றதும் பாத்திரம் துலக்குகிறவள் தெரிகிறாள். போதகரம்மா என்ற சொல்லையும் பாருங்கள். அது போதிக்கிற அம்மாவைக் குறிக்காது, போதகருடைய மனைவியைக் குறிக்கும். நாளைக்கு ஒரு பெண் போதகரானால் அவளை அழைக்க வைத்திருந்த சொல்லையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டோம்.

தீமோத்தேயுவுக்கு எழுதியதைக் காட்டுவார்கள், தெரியும். பெண் உபதேசம் பண்ணக் கூடாது என்ற அந்த வசனம் எனக்கும் மனப்பாடம், அம்மாதான் வி.பி.எஸ்.ஸில் சொல்லிக்கொடுத்தார். அதற்கு மூன்று வசனம் முன்னால் பொன்னும் விலையுயர்ந்த உடையும் வேண்டாம் என்று அதே பவுல் எழுதுகிறார். ஐம்பது பவுன் போட்ட கல்யாணங்களை அந்தப் பீடத்தில் நின்றுதான் ஆசீர்வதிக்கிறார்கள். ஒன்பதாம் வசனத்துக்குக் காலச் சூழல், பன்னிரண்டாம் வசனத்துக்கு நித்தியம்.

சேலம், நாமக்கல் பக்கத்துப் பாப்டிஸ்ட் சபைகளில் வளர்ந்த யாருக்கும் கொல்லிமலையில் பணியாற்றிய ஈவ்லின் பிராண்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1929இல் கணவர் ஜெஸ்ஸி பிராண்ட் காய்ச்சலில் இறந்தார். எழுபதை நெருங்கும் வயதில் மிஷன் ஈவ்லினுக்கு ஓய்வு கொடுத்தது. அவர் ஓய்வை வாங்கிக்கொண்டு மலைக்கே திரும்பினார். கொல்லிமலையோடு நிற்காமல் பச்சைமலை, கல்வராயன் என்று மட்டக்குதிரையில் ஏறிப்போனார். மருந்து கொடுத்தார், நரம்புச் சிலந்தி நோயை ஒழிக்கப் பாடுபட்டார், வேதம் சொன்னார். 95 வயதில், 1974இல், இறக்கும்வரை இதுதான் அவருடைய வேலை. எங்கள் பீடத்திலிருந்து அவரைப் புகழாத ஆண்டு இல்லை. செத்துப்போன வெள்ளைக்காரப் பாட்டி மலையில் பிரசங்கம் பண்ணியதற்கு எல்லோரும் அல்லேலூயா சொல்வோம். அவர் நம் தெருவில், நம் சாதியில், நம் வயதில் இருந்து வந்து கேட்டால்தான் தீமோத்தேயு ஞாபகம் வருவார்.

அப்படி ஒருத்தி வந்து கேட்டாள். என் மாணவி. என்னிடம் இளங்கலைத் தமிழ் படித்தவள், என் சபைப் பெண். பிறகு இறையியல் கல்லூரிக்குப் போய் பி.டி. முடித்தாள். பாப்டிஸ்ட் மிஷனெரிகள் 1818இல் தொடங்கிய செராம்பூர் கல்லூரியின் பெயரால் தரப்படுகிற பட்டம் அது. பட்டம் கொடுக்கிற மரபும் பாப்டிஸ்ட்தான், பீடம் மறுக்கிற மரபும் பாப்டிஸ்ட்தான். உதவிப் போதகராக எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்தாள். டீக்கன் குழு மூன்று மாதம் ஜெபித்தது. அப்புறம் வந்த பதில்: இந்தக் கோடைக்கு வி.பி.எஸ். பொறுப்பை எடுத்துக்கோம்மா, மற்றதைப் பிறகு பார்ப்போம்.

அவளைப் பற்றிக் குழுவுக்கு இருந்த மனக்குறை வசனத்தில் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் வி.பி.எஸ். நடந்தபோது, கைவேலை நேரத்தில், ஒரு சிறுமி அவளிடம் ஒன்று சொன்னாள். வீட்டில் ஓர் உறவுக்காரன் நடந்துகொள்ளும் விதம் பற்றி. என் மாணவி போதகரிடம் போனாள். போதகர் குழுவைக் கூட்டினார். எட்டு ஆண்கள் உட்கார்ந்து, அந்தக் குடும்பத்தின் பெயர் கெட வேண்டாம், சபைக்குள் பேசித் தீர்ப்போம், ஜெபத்தில் வைப்போம் என்றார்கள். அவள் வெளியே வந்து 1098க்கு அழைத்தாள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவில் அதைத்தான் சொல்கிறது: தெரியவந்தவர் யாரானாலும் காவல்துறைக்குத் தெரிவித்தே தீர வேண்டும். ஜெபத்துக்கு அதில் விலக்கு இல்லை. அந்தச் சிறுமி இன்று வேறு ஊரில் நன்றாகப் படிக்கிறாள். என் மாணவிக்கு மட்டும் ‘நிதானம் பத்தாது’ என்று பெயர்.

போதக ஊழியம் என்பது பிரசங்கம் மட்டுமல்ல என்று எல்லாப் போதகர்களும் சொல்வார்கள். மந்தையைப் பார்த்துக்கொள்வது என்பார்கள். அந்தப் பிள்ளை யாரிடம் சொன்னது? அடிபட்ட மனைவிகள் இரவு பதினொரு மணிக்கு எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள், போதகர் வீட்டுக் கதவை அல்ல. மந்தை தன் மேய்ப்பரை எப்போதோ அடையாளம் கண்டுவிட்டது.

இது எங்கள் சிற்றூரின் கோளாறு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் தென்னக பாப்டிஸ்ட் கன்வென்ஷன், போதகர் பதவி ஆண்களுக்கே என்று 2000ஆம் ஆண்டு தன் விசுவாச அறிக்கையில் எழுதிவைத்தது. பெண் போதகரை வைத்திருந்ததற்காக 2023இல் கலிஃபோர்னியாவின் சாடில்பேக் என்ற மிகப் பெரிய சபையையே வெளியேற்றியது. சீனாவில் ஊழியம் செய்து 1912இல் இறந்த லாட்டி மூன் என்ற பெண்ணின் பெயரால் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மிஷன் காணிக்கை எடுப்பதும் இதே கன்வென்ஷன்தான். 2022 மே மாதம் வெளியான விசாரணை அறிக்கை இன்னொன்றைச் சொன்னது: பாதிக்கப்பட்டவர்களின் முறையீடுகளைத் தட்டிக்கழித்துக்கொண்டே, குற்றம் சாட்டப்பட்ட ஊழியர்களின் பட்டியலொன்றைத் தலைமை அலுவலகம் தனக்குள் வைத்திருந்தது. எட்டு ஆண்கள் உட்கார்ந்த அந்த அறை எவ்வளவு பெரியது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஆனால் இது பாப்டிஸ்ட் கொள்கையா என்றால் இல்லை. பிரித்தானிய பாப்டிஸ்டுகளிடம் பெண் போதகர்கள் பல பத்தாண்டுகளாக இருக்கிறார்கள். அந்தத் தென்னக பாப்டிஸ்ட் சபைகளிலேயே 1964இல் ஆடி டேவிஸ் என்ற பெண்ணுக்கு வட கரோலினாவில் ஒரு சபை அபிஷேகம் செய்தது. பாப்டிஸ்டுகளுக்குப் பேராயர் கிடையாது. ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆள்கிறது. விசுவாசிகள் எல்லோரும் ஆசாரியர். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது நாம் சேராமல் விலகி நின்றவர்கள். அந்தத் திருச்சபை 2013இல் ஒரு பெண்ணைப் பேராயராகவே ஆக்கிவிட்டது. மேலே இருக்கிறவர்கள் விடவில்லை என்று சொல்ல நமக்கு மேலே யாருமே இல்லை. சபைக் கூட்டத்தில் தூக்குகிற கைதான் முடிவு.

கை தூக்கும் நாளும் வந்தது. என் மாணவியின் விண்ணப்பத்தை நான் விடாப்பிடியாகப் பொதுக்கூட்டத்துக்குக் கொண்டுவர வைத்தேன். கூட்டத்தில் பெண்கள்தான் அதிகம், எப்போதும் போல. ஆதரவாக எழுந்த கைகள் 19. என் சித்தியின் கை எழவில்லை. பக்கத்தில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது சித்தி சொன்னார்: “அவ பிரசங்கம் பண்ணுனா நல்லாத்தான் பண்ணுவா கண்ணு. ஆனா நாளைக்கு எங்கூட்டுச் சாவுக்கு ஐயா வரோணுமில்ல?” சித்தியை நான் திட்டவில்லை. அடக்கமும் கல்யாணமும் யார் கையில் இருக்கின்றனவோ, அவர்கள் கையில்தான் மற்றக் கைகளும் இருக்கும்.

ஆகவே என் யோசனை ஒன்று. அடுத்த மே மாதத்துக்குப் பெயர் கொடுக்காதீர்கள். சார்ட் அட்டை வாங்காதீர்கள், சுண்டலுக்குக் கடலை ஊறப்போடாதீர்கள். பீடம் எவருடையதோ, கோடையும் அவருடையதாகவே இருக்கட்டும். ஆக்ஷன் பாட்டுக்கு டீக்கன்மார் கை தூக்கிக் குதிக்கட்டும்.

இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் முதல் தடவையாக என்மேல் கோபப்பட்டார். “உங்க சண்டையில பிள்ளைங்க என்னடி பண்ணுச்சு? பூட்டுன வீட்டுக்குள்ள டி.வி. முன்னாடி கெடக்கணுமா?” நியாயமான கேள்வி. இரண்டு நாள் எனக்குப் பதில் இல்லை. அப்புறம் அந்தப் பீர்க்கடையின் கதையைச் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை.

இந்த மே மாதம் என் மாணவி ஆலயத்தில் வி.பி.எஸ். நடத்தவில்லை. மூடிக் கிடந்த ஒரு விசைத்தறிக் கூடத்தைப் பத்து நாளுக்கு வாடகைக்குப் பிடித்தாள்; பஞ்சுத் தூசியைக் கூட்டி முடிக்கவே ஒரு நாள் ஆனது. கதவில் ஒரு அட்டையில் அவளே எழுதி ஒட்டியிருந்தாள், சொல்லிக்கொடுப்பவர்கள் ஆறு பேரின் பெயரையும், ஒவ்வொன்றுக்கும் ஓர் உம் போட்டு. முதல் நாள் 43 பிள்ளைகள். ஆலயத்திலிருந்து போதகர் எனக்குப் போன் செய்தார். “மேடம், அந்தப் பிள்ளைகிட்ட நீங்க கொஞ்சம் பேசக் கூடாதா? இங்க பதினோரு பேருதான் வந்திருக்காங்க.” நானும் மரியாதையாகவே, “ஐயா, நீங்களே நடத்துங்க” என்றேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், 74 வயது அம்மா பரணிலிருந்து பெட்டிகளை இறக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஐஸ் குச்சி மட்டும் இரண்டு பெட்டி. தறிக்கூடம் வரைக்கும் ஆட்டோவுக்கு எவ்வளவு கேட்பான் என்றார்.