தேதிக்கும் மதிப்பு உண்டு

காசோலை என்பது என்ன? "இன்னாருக்கு இவ்வளவு பணம் கொடு" என்று நாம் வங்கிக்கு இடும் கட்டளை. அதில் உள்ள பெயரையும் தொகையையும் கையொப்பத்தையும் வங்கி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறது. கையெழுத்தில் ஒரு சுழி மாறினாலும் காசோலை திரும்பி வந்துவிடும். ஆனால் அதே தாளில் நாலாவதாக ஒன்று எழுதியிருக்கிறோமே, தேதி, அதற்கு மட்டும் அந்த மதிப்பு ஏன் இல்லை? இதைத்தான் நண்பர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

படிக்க வந்த மாணவனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் கேட்கலாம். தில்லிக்கு வந்த நம்மில் பலருக்கு விடுதியில் இடம் கிடைப்பதில்லை. கமலா நகரிலும் விஜய நகரிலும் முகர்ஜி நகரிலும் அறை எடுத்துத் தங்குகிறோம். வீட்டுக்காரர்களில் சிலர் பதினொரு மாத வாடகைக்கும் முன்கூட்டியே காசோலைகளை எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். ஒவ்வொன்றிலும் வரப்போகும் ஒரு மாதத்தின் தேதி. இவற்றையே பின்தேதியிட்ட காசோலைகள் என்கிறோம். உதவித்தொகை எந்த நாளில் வரும் என்பதோ ஆண்டவனுக்கே வெளிச்சம். அந்த நிலையில் நமக்குக் காவலாக இருப்பது தாளில் எழுதிய அந்தத் தேதி ஒன்றுதான்.

அந்தக் காவல் உடைந்தால் என்ன ஆகும் என்பதைச் சென்ற ஆண்டு கண்ணால் கண்டேன். என்னுடன் தங்கியிருந்த ஆராய்ச்சி மாணவர் 5-ஆம் தேதியிட்டுக் கொடுத்த காசோலையை வீட்டுக்காரர் ஒரு வாரம் முன்னதாகவே வங்கியில் போட்டுவிட்டார். வங்கியும் பணத்தைக் கொடுத்துவிட்டது. கணக்கில் இருந்ததோ தேர்வுக் கட்டணத்துக்காக ஊரிலிருந்து தந்தை அனுப்பிய தொகை. கட்டணம் கட்டும் நாள் தவறியது. தாமதக் கட்டணம் தலையில் விழுந்தது. வங்கிக்குச் சென்று இருவரும் கேட்டோம். "எப்படியும் அவருக்குச் சேரவேண்டிய பணம்தானே? நாலு நாள் முன்னால் போனால் என்ன?" என்றார் அங்கிருந்த அலுவலர்.

என்னவா? சட்டமே அதற்கு விடை சொல்கிறது. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின்படி, கேட்டவுடன் பணம் தரவேண்டியதுதான் காசோலை. பின்தேதியிட்டதோ, அந்தத் தேதி வரும்வரை வெறும் மாற்றுச்சீட்டு. அந்த நாளில்தான் அது காசோலை ஆகிறது. உச்ச நீதிமன்றம் 1993-இல் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதே சட்டத்தின் 10-ஆம் பிரிவு, ஆவணத்தில் கண்டபடி, நல்லெண்ணத்தோடும் கவனக்குறைவின்றியும் கொடுப்பதையே முறையான கொடுப்பு என்கிறது. தாளில் 5-ஆம் தேதி என்று இருக்க, அதற்கு முன்பே கொடுத்தது தாளில் கண்டபடி ஆகுமா? ஆகாது. அது நம் கட்டளைப்படி போன பணம் அன்று. வங்கி தன் பொறுப்பில் கொடுத்த பணம். இதனால் கணக்கு வற்றி நம்முடைய வேறொரு காசோலை திரும்புமானால், அந்த இழப்புக்கும் வங்கியே ஈடு செய்யவேண்டும் என்பது 31-ஆம் பிரிவு.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 2012 ஏப்ரல் முதல் காசோலைக்கு மூன்று மாதமே ஆயுள். அதற்கு ஒரு நாள் பிந்தினாலும் "காலம் கடந்தது" என்று வங்கி திருப்பிவிடும். பிந்திய நாளைப் பார்க்கும் கண்ணுக்கு முந்திய நாள் தெரியாமல் போவது எப்படி?

வீட்டுக்காரர் செய்ததும் முறையன்று. ஆனால் தேதிக்கு முன்னே காசோலையைப் போட்டவருக்கு இந்தச் சட்டத்தில் தண்டனை எதுவும் இல்லை. எழுதிக் கொடுத்தவர் நிலை வேறு. உரிய நாளில் பணமில்லாமல் காசோலை திரும்பி, அறிவிப்பு கிடைத்த 15 நாளுக்குள்ளும் அவர் பணம் செலுத்தாவிட்டால், 138-ஆம் பிரிவின்படி ஈராண்டு வரை சிறை, அல்லது தொகையைப் போல் இருமடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே. ஒரு பக்கம் இவ்வளவு கடுமை. மறு பக்கம் ஒன்றுமில்லை. இடையில் நிற்கும் ஒரே வேலி, தேதியைப் பார்க்கவேண்டிய வங்கியின் கண். அந்தக் கண்ணும் மூடிக்கொண்டால் எளியவன் எங்கே போவான்?

இப்போது வேகமும் கூடிவிட்டது. 2025 அக்டோபர் 4-ஆம் நாள் தொடங்கிய முறையில், காசோலையின் படம் அன்றன்றே பணம் கொடுக்கவேண்டிய வங்கிக்குப் போகிறது. மாலை 7 மணிக்குள் அந்த வங்கி பதில் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளப்படும் என்று விதித்தார்கள். வேகத்தை வரவேற்கிறேன், நான் அறிவியல் மாணவன். ஆனால் வேகம் கூடக் கூடச் சரிபார்ப்பும் கூடவேண்டும் என்பது எங்கள் ஆய்வுக்கூடத்தின் முதல் பாடம். தொகையைப் படிக்கும் இயந்திரத்துக்குத் தேதியைப் படிக்கக் கற்றுக்கொடுப்பது பெரிய வித்தையா?

"பின்தேதியிட்டு எழுதிக் கொடுப்பானேன்?" என்று கேட்பவர்களும் உண்டு. ஊர் தெரியாத, மொழி தெரியாத இடத்தில் அறை தேடி அலைந்தவர்கள் இதைக் கேட்கமாட்டார்கள். கொடுத்தால் அறை, கொடுக்காவிட்டால் தெரு என்ற நிலையில் எழுதியது அது. பின்தேதியிடுவது குற்றமும் அன்று.

என் நண்பர் எழுத்தில் முறையிட்டார். மூன்றாம் நாள் பணம் கணக்குக்குத் திரும்பியது. தாமதக் கட்டணத்தை மட்டும் தரவில்லை. தேர்வு நெருங்கியது, அவரும் விட்டுவிட்டார். இப்படி நாம் விட்டுவிடுவோம் என்பதுதான் அலட்சியத்தின் துணிவு. எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா? வாயால் சொன்ன முறையீடும் அப்படித்தான்.

ஆகவே, பணம் முந்திப் போனதை அறிந்த அன்றே வங்கிக்கு எழுதுங்கள். முத்திரையிட்ட ஒப்புகை வாங்குங்கள். போன பணத்தையும் அதனால் நேர்ந்த இழப்பையும் கேளுங்கள். தாமதம் வேண்டாம். குறித்த தேதி வந்துவிட்டால் அந்தத் தொகையைக் கழிக்க வங்கிக்கு உரிமை வந்துவிடும்; பிறகு நமக்கு மிஞ்சுவது இடைப்பட்ட நாளின் இழப்பே. 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் நிறைவு தராவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வங்கிப் பணியும் அடங்கும். இரண்டாண்டுக்குள் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். வங்கிக் கணக்கு நெல்லையில் இருந்தாலும், நாம் வசிக்கும் இந்த ஊரிலேயே வழக்கிடலாம் என்பது நம்மைப் போன்று பிழைக்கவும் படிக்கவும் பெயர்ந்து வந்தவர்களுக்குப் பெரிய துணை.

நம் மன்றத்தில் சட்டம் பயிலும் தோழர்கள் இருக்கிறார்கள். பொங்கல் விழாவுக்கும் நாடகத்துக்கும் கூடுகிற நாம், மாதம் ஒரு மாலை இத்தகைய முறையீடுகளை எழுதித் தரவும் கூடினால் என்ன? இந்தியும் ஆங்கிலமும் தடுமாறும் முதலாண்டு மாணவர் ஒருவர் தனியாகப் போய் நின்றால் அலுவலர் தோளைக் குலுக்குவார். சட்டப் பிரிவைக் குறித்து எழுதிய கடிதத்தோடு போனால் அவரால் அப்படிக் குலுக்க முடியாது. தொகை சிறிதாக இருக்கலாம். அதற்காக உரிமை சிறிதாகிவிடாது.