சுவர் சொந்தக்காரருடையது, சாமான்கள் யாருடையவை?

2017 நவம்பர் 30-ந் தேதி ஒக்கி புயல் வீசியது. 2021 நவம்பரில் பெருமழை பெய்தது. ரயில் பாதையில் மண் சரிந்தது. தாழ்வான பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. நாஞ்சில் நாட்டு மக்கள் இரண்டையும் மறக்கவில்லை.

வெள்ளம் வடிந்ததும் சுவர் நிற்கிறது. மெத்தை, துணிமணி, மிக்சி, கிரைண்டர், பிரிட்ஜ் எல்லாம் பாழ்! சுவர் வீட்டுச் சொந்தக்காரருடையது. பாழான சாமான்கள், வாடகைக்கோ ஒற்றிக்கோ குடியிருப்பவருடையவை.

"வீட்டை இன்ஷூர் செய்திருப்பதாகச் சொந்தக்காரர் சொன்னாரே!" என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். அவர் இன்ஷூர் செய்தது அவருடைய கட்டிடத்தை. உங்கள் பிரிட்ஜுக்கு அதில் ஒரு காசும் வராது.

நம் வீடுகளில் இன்ஷூரன்ஸ் என்றால் எல்.ஐ.சி. நினைவுதான் வரும். அது உயிருக்கு. சாமான்களுக்கும் இன்ஷூரன்ஸ் உண்டு. 2021 ஏப்ரல் முதல் 'பாரத் கிரக ரக்ஷா' என்ற பொதுத் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. கட்டிடத்தைச் சேர்க்காமல், வீட்டுச் சாமான்களுக்கு மட்டும் இதில் பாலிசி எடுக்கலாம். தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம் ஆகியவற்றால் வரும் சேதத்துக்கு ஈடு கிடைக்கும். தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்துச் சாமான்கள் கெட்டாலும் கிடைக்கும். "நாங்கள் மூன்றாவது மாடி, வெள்ளம் ஏறாது" என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நான்காவது மாடியிலும் குழாய் இருக்கிறது அல்லவா?

ஏஜெண்டு சொல்ல மறந்துவிடும் விஷயங்களும் உண்டு. ரொக்கப் பணத்துக்கு இதில் ஈடு கிடையாது. நகைக்குத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். புயல், வெள்ளம் போன்ற விபத்து நடந்த ஏழு நாட்களுக்குள் அதையொட்டி நடக்கும் திருட்டுக்குத்தான் இதில் பணம் கிடைக்கும். சாதாரண நாளில் பூட்டை உடைத்துத் திருடினால் கிடைக்காது. அதற்குத் திருட்டு இன்ஷூரன்ஸ் வேறாக எடுக்க வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன் இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லோருக்கும் இது தேவையா? ஒரு பாயும் ஒரு பெட்டியுமாக அறையில் தங்கியிருக்கும் வாலிபருக்கு அவசியம் இல்லை. பிள்ளை குட்டிகளோடு, தவணையில் சாமான் வாங்கிக் குடித்தனம் நடத்துகிறவருக்கு அவசியம். சாமான் போனாலும் தவணை போகாதே! தரைத்தளத்தில் குடியிருப்பவர் மழைக்காலத்துக்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது.

பாலிசி எடுத்த அன்றே, சாமான்கள் ஒவ்வொன்றையும் செல்போனில் படம் பிடியுங்கள். பில்களையும் படம் பிடியுங்கள். அவற்றை வேறு ஊரில் இருக்கும் அண்ணனுக்கோ அக்காவுக்கோ அனுப்பி வையுங்கள். வெள்ளத்தில் உங்கள் செல்போனும் நனைந்துவிடலாம்.