ரெடிமேட் கட்டபொம்மன்

புதியம்புத்தூர் என்றால் ரெடிமேட் துணி. ஊரைச் சுற்றிக் கரிசல் காடு, ஊருக்குள் தையல் மெஷின் சத்தம். சட்டை ரெடிமேடாக வருவதில் எனக்கு வருத்தமே இல்லை. அதே ஒட்டப்பிடாரம் தாலுகாவில் இருக்கிற பாஞ்சாலங்குறிச்சிக்காரரும் ரெடிமேடாக வருகிறாரே, அதுதான் பிரச்னை.

ஏதாவது ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்குப் போய்ப் பாருங்கள். ஒட்டுமீசை, ஜிகினா கிரீடம், அட்டைக் கத்தி. 1959-ல் சிவாஜி பேசிய வசனத்தை ஒரு பையன் அடித்தொண்டையில் இரண்டு நிமிஷம் கத்துவான். கத்தியை உருவுவான். கைதட்டல். முடிந்தது கட்டபொம்மன்!

நிஜத்தில் நடந்தது என்ன? 1798 மே மாதக் கடைசியில் கிஸ்தி பாக்கி 3,310 பகோடா. (தின்கிற பகோடா இல்லை சார், காசு!) கலெக்டர் ஜாக்ஸன் கூப்பிட்டு அனுப்புகிறார். போனால் பார்க்க மாட்டேன் என்கிறார். ஊர் ஊராக அலையவிட்டு, செப்டம்பரில் ராமநாதபுரத்தில்தான் தரிசனம். கட்டபொம்மனையும் அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளையையும் மூன்று மணி நேரம் நிற்க வைத்தே பேசுகிறார். கணக்குப் பார்த்தால் பாக்கி 1,080 பகோடாதான். அதற்கப்புறம்தான் வாசலில் கைகலப்பு. லெஃப்டினன்ட் கிளார்க் சாகிறார், பிள்ளை பிடிபடுகிறார். கட்டபொம்மன் அப்போதும் சென்னைக்கு முறையிடுகிறார். விசாரணை நடக்கிறது. கடைசியில் ஜாக்ஸனுக்கே வேலை போகிறது.

நான் பி.காம். படித்தவன் என்பதற்காகச் சொல்லவில்லை. இந்தக் கதையின் உயிர் கணக்கு நோட்டில் இருக்கிறது. அந்த மூன்று மணி நேரம் இல்லாவிட்டால் கத்தி வெறும் அட்டைதான்.

வெளிநாட்டில் 'லார்ப்' என்று ஒரு விளையாட்டு. ஆளுக்கொரு வேஷம் கொடுப்பார்கள், வசனம் தர மாட்டார்கள். அந்த ஆளாகவே யோசித்துப் பேச வேண்டும், மோத வேண்டும். டென்மார்க்கில் 2006-லிருந்து ஒரு பள்ளிக்கூடம் பாடத்தையே இப்படி நடத்துகிறது. இந்த விளையாட்டிலும் தீராத தகராறு ஒன்று உண்டு: சண்டை எவ்வளவு, பாத்திரம் எவ்வளவு? சண்டை மிஞ்சினால் கதை செத்துப்போகும். பேச்சு மிஞ்சினால் கொட்டாவி.

இதை டென்மார்க்காரன் வந்து சொல்லித் தரணுமா? திருச்செந்தூரில் கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருக்கிறார்கள். ஆறாம் நாள் சாயங்காலம் கடற்கரையில் சூரசம்ஹாரம். யானைமுகம், சிங்கமுகம் என்று அசுரர்கள் தலை மாறி மாறி வருகிறார்கள். அந்த ஆறு நாள் பட்டினிதான் வேலுக்கு அவ்வளவு கனத்தைக் கொடுக்கிறது. நம் ஜனங்களுக்கு விகிதம் தெரியும். ஆண்டு விழா கமிட்டிக்குத்தான் தெரியவில்லை.

"சின்னப் பசங்களுக்குச் சண்டைதானே பிடிக்கும்?" என்பீர்கள். சண்டையை எடுக்கச் சொல்லவில்லை. 1799 அக்டோபரில் கயத்தாறில் தூக்கில் தொங்கியவர் கதையில் சண்டை இல்லாமல் எப்படி? அது வரவேண்டிய இடத்தில் வரட்டும் என்கிறேன்.

அடுத்த விழாவில் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். வசனம் எழுதித் தராதீர்கள். பிள்ளை வேஷக்காரன் கையில் கணக்கு நோட்டைக் கொடுங்கள். கட்டபொம்மனை எட்டு நிமிஷம் நிற்க வையுங்கள். கால் வலிக்கட்டும், கெஞ்சாமல் பேசிப் பார்க்கட்டும். கடைசி இரண்டு நிமிஷம் கத்தி.

முக்கியமாக, ஜாக்ஸன் வேஷத்தை நன்றாகப் படிக்கிற பையனுக்குக் கொடுங்கள். உட்கார்ந்துகொண்டு இன்னொருத்தனை நிற்க வைப்பது எவ்வளவு சுலபம் என்று அவனுக்கு இப்போதே தெரியட்டும். நாளைக்குத் தாலுகா ஆபீஸ் நாற்காலியில் உட்காரப் போகிறவன் அவன்தானே!