குணத்துக்கு முத்திரை குத்தலாமா?

ஒரே வீட்டுப் பிள்ளைகள். மூத்தவன் வாயாடி. இளையவன் வாய் திறக்கமாட்டான். இது ஊரறிந்த சங்கதி.

இந்தக் குண வேறுபாட்டை இப்போது பல நிறுவனங்கள் கேள்வித்தாள் கொடுத்துச் சோதிக்கின்றன. செங்கல்பட்டுப் பக்கம் ஆலைக்கும் அலுவலகத்துக்கும் போகும் பிள்ளைகளும் இதைச் சந்திக்க நேரலாம்.

16 வகை

சுவிட்சர்லாந்து மனநூல் அறிஞர் கார்ல் யுங், 1921-ம் ஆண்டில் மனிதர்களின் குணத்தை வகை பிரித்து ஒரு நூல் எழுதினார். அதை வைத்து, அமெரிக்காவைச் சேர்ந்த காதரின் பிரிக்சும் அவர் மகள் இசபெல் மையர்சும் ஒரு சோதனையை உருவாக்கினார்கள்.

கூட்டத்தில் உற்சாகம் பெறுபவரா, தனிமையிலா? அறிவு சொல்வதைக் கேட்பவரா, மனம் சொல்வதையா? இப்படி 4 வகையில் பார்ப்பார்கள். முடிவில் 16 வகை மனிதர்கள்!

இதனால் நன்மை உண்டு. பேசாதவனைத் "தலைக்கனம் பிடித்தவன்" என்று நினைத்தவர்கள், "யோசித்துப் பேசுகிறவன்" என்று உணர்வார்கள். சண்டை குறையும். வேலை நடக்கும்.

ஆபத்து

ஆனால், இன்று ஒரு வகை என்று வந்தவருக்கே, சில வாரம் கழித்து வேறு வகை வருவது உண்டு. வேலைக்கு ஆள் பொறுக்க இதைப் பயன்படுத்தக்கூடாது என்று, சோதனையைப் பரப்புகிறவர்களே சொல்கிறார்கள். ஒரு தாளை நம்பி ஒருவன் பிழைப்பைக் கெடுக்கலாமா?

மாமல்லபுரம் காட்டிய வழி

ஒரு நாள் கணக்கை வைத்து மனிதனை எடை போட முடியாது. இதற்கு மாமல்லபுரமே சாட்சி. 2022-ம் ஆண்டில் அங்கே 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. அணிக்கு 5 பேர். ஒரு சுற்றில் ஆடுவது 4 பேர். ஆளுக்கு ஒரு பலகை. வெற்றியோ அணிக்கு.

இந்தியாவின் 2-வது அணியில் குகேஷ் முதல் 8 ஆட்டங்களிலும் வென்றார். 10-வது சுற்றில் உஸ்பெகிஸ்தான் வீரரிடம் தோற்றார். அதே சுற்றில் பிரக்ஞானந்தா வென்று கைகொடுத்தார். சுற்று சமன். அணிக்கு வெண்கலம் கிடைத்தது.

அன்று தோற்ற குகேஷ், 2024-ம் ஆண்டில் உலக சாம்பியன் ஆனார்! "நெருக்கடியில் கலங்குகிறவர்" என்று அன்றே முத்திரை குத்தியிருந்தால் அது எவ்வளவு பெரிய தவறு?

குணச் சோதனை எழுதலாம். எழுதிய பிறகு, கூட வேலை செய்பவரிடம் ஒன்று கேட்க வேண்டும்: "என்னிடம் உங்களுக்கு எது சிரமம்?" அந்தப் பதில் 16 வகையிலும் இராது. வீட்டிலும் இதைக் கேட்கலாம்.

கேள்வித்தாள் முகம் பார்க்கும் கண்ணாடி. அதை ஜாதகம் ஆக்கிவிட வேண்டாம்.