ஊர் மின்சாரம் எவருடையது?

வெயில் யாருக்கும் சொந்தமில்லை; ஆகவே சூரிய மின்சாரம் இயல்பிலேயே மக்களுடையது என்னும் வாதம் அண்மைக்காலக் கட்டுரைகள் பலவற்றில் தென்படுகிறது. கூரைமேல் பளபளக்கும் தகடு, விளக்கொளியில் படிக்கும் சிறுமி, கீழே 'சமுதாயப் பங்கேற்பு' என்றொரு சொல். இச்சொல்லை நாம் ஐயுறுகிறோம். வெயில் பொதுவாக இருக்கலாம். தகடும் மின்கலமும் கம்பியும் கட்டண விகிதமும் அப்படியல்ல. அவை எவர் கையில் இருக்கின்றன என்று கேட்காத எழுத்து, ஊரைப் பற்றிய எழுத்தாகாது.

பீகார் மாநிலம் ஜெஹானாபாத் மாவட்டத்தில் தர்னாய் என்றொரு வேளாண் கிராமம் உண்டு. ஏறத்தாழ முப்பதாண்டுகள் மின்சாரமின்றிக் கிடந்த அவ்வூரில், 2014-இல் கிரீன்பீஸ் அமைப்பு 100 கிலோவாட் திறனுள்ள சூரிய மின்கட்டமைப்பை நிறுவியது. வீடுகளுக்கு விளக்கு எரிந்தது, தெருவுக்கு ஒளி வந்தது, வயலுக்கு நீர் இறைக்கப்பட்டது. உலக இதழ்கள் வியந்து எழுதின. ஆனால் அதே ஆண்டில் நிதிஷ் குமார் அங்கு வந்தபோது ஊரார் கேட்டது 'அஸ்லி பிஜ்லி', அதாவது அசல் மின்சாரம். தொலைக்காட்சியையும் குளிர்பதனப் பெட்டியையும் தாங்காத, அரசு மின்சாரத்தைவிட விலை கூடிய ஒன்றை அவர்கள் போலி என்றே கருதினர். அரசின் கம்பிகள் ஊருக்குள் வந்தன. சூரியக் கட்டமைப்பு படிப்படியாகக் கைவிடப்பட்டது. 2021-இல் செய்தியாளர்கள் சென்று பார்த்தபோது மின்கலங்கள் செயலிழந்திருந்தன. நிலைய வளாகம் மாட்டுக்கொட்டிலாகியிருந்தது.

இதைக் காட்டி, சூரிய மின்சாரம் கிராமத்துக்கு ஒவ்வாது என முடிவுகட்டுவோரும் உளர். அவர்களோடும் நாம் உடன்படவில்லை. தர்னாயில் தோற்றது வெயிலன்று. அரசின் மானிய மின்சாரம் வந்த அன்றே, தனித்து நின்ற அந்தக் கட்டமைப்புக்குத் தன் மின்சாரத்தை விற்க வேறு இடமில்லாமற் போயிற்று. எஞ்சியதை வாங்குவார் எவருமில்லை. ஊராரைப் பயனாளிகளாகக் கருதிய திட்டம், அவர்களை விற்பனையாளர்களாக எண்ணிப் பார்க்கவில்லை.

குஜராத்தின் கேடா மாவட்டத்துத் துண்டி கிராமம் இதற்கு மாறானது. டீசல் இயந்திரங்களால் நீர் இறைத்துவந்த உழவர் அறுவர் அங்கே ஒரு கூட்டுறவு அமைத்து, 2016-இல் தம் சூரியப் பம்புகளை மின்கட்டமைப்போடு இணைத்தனர். மின் விநியோக நிறுவனம் எஞ்சிய மின்சாரத்தை யூனிட்டுக்கு 4.63 ரூபாய் வீதம் 25 ஆண்டுகளுக்கு வாங்க ஒப்பந்தமிட்டது. ஆனந்தில் இயங்கிய பன்னாட்டு நீர் ஆய்வு நிறுவனத்தின் துஷார் ஷாவும் அவருடைய குழுவினரும் இதனை 'சூரியப் பயிர்' என்றனர்.

அச்சொல்லின் பொருள் ஆழமானது. தனித்து நிற்கும் சூரியப் பம்பு இறைப்பதற்குச் செலவில்லை. ஆகவே தேவைக்கு மேலும் இறைக்கத் தூண்டும், நிலத்தடி நீர் வற்றும். விற்கும் உரிமை வந்தபின், வீணே இறைக்கும் ஒவ்வொரு பொழுதும் உழவனுக்கு வருவாய் இழப்பாகிறது. எந்த உபதேசமும் செய்யாத வேலையை ஒரு விலை செய்கிறது.

துண்டியிலும் முதலீட்டின் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்த மானியந்தானே என்று நண்பர்கள் கேட்கலாம். உண்மையே. வேறுபாடு, பணம் எங்கிருந்து வந்தது என்பதில் இல்லை. வருமானம் எவர் கைக்குச் சேர்கிறது என்பதில் இருக்கிறது. ஆயினும் துண்டியையும் நாம் துதிபாட விரும்பவில்லை. பம்பு வைத்திருப்போரின் கூட்டுறவு ஊராகிவிடாது. வயலில் களையெடுக்கும் நிலமற்ற கூலிப் பெண்ணுக்கு அந்த 4.63 ரூபாயில் பங்கு என்ன?

2019-இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த குசும் திட்டம், கூட்டுறவுகளும் ஊராட்சிகளும் 2 மெகாவாட் வரையிலான நிலையங்களை அமைத்து மின்சாரத்தை விற்க வழிசெய்கிறது. அதே திட்டம் விற்கும் உரிமையற்ற தனிப் பம்புகளுக்கும் மானியம் தருகிறது. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்து, இரண்டையும் ஒரே மூச்சில் பாராட்டுவது அறியாமை. அல்லது வசதியான மறதி.

சமுதாயம் என்னும் சொல்லைப் பயன்படுத்துவோரிடம் நாம் கேட்பது மூன்றே. நிலையம் எவர் பெயரில் பதிவாகியிருக்கிறது? எஞ்சிய மின்சாரத்தை எவர், என்ன விலைக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு வாங்குகிறார்? நிலமற்றவருக்கு அதில் பங்கு உண்டா, மேய்ச்சல் நிலம் அதற்காக வளைக்கப்பட்டதா? இவற்றுக்கு விடை எழுதாமல் சிறுமியின் படத்தை மட்டும் அச்சிடுவோர், தர்னாய் மக்கள் 2014-இலேயே சொன்ன பதிலை இன்னும் வாசிக்காதவர்கள்.