பூனைக்கும் ஒரு தேதி குறியுங்கள்



கள்ளக்குறிச்சிப் பக்கம் மாடு வளர்க்கும் வீடுகளில், சினை ஊசி போட்ட தேதியைக் காலண்டரில் எழுதி வைப்பார்கள். மூன்று வாரம் கழித்து மாடு மறுபடி கத்துகிறதா என்று கவனிப்பார்கள். அதே வீட்டில் நெல்லையும் மக்காச்சோள மூட்டையையும் எலியிடமிருந்து காக்கும் பூனைக்கு மட்டும் எந்தக் கணக்கும் கிடையாது. வயிறு தொங்கிய பிறகுதான் சினை என்றே தெரிகிறது.

பருவம் வந்த பெட்டை ராவெல்லாம் குழந்தை அழுவதுபோல் கத்தும். தரையில் உருளும், ஆள் காலில் உரசும். முதுகைத் தடவினால் முன்னங்காலைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கி, வாலை ஒதுக்கிக்கொள்ளும். நோய் என்று பயப்பட வேண்டாம். நம் ஊரில் வெயில் காலம், மழைக் காலம் என்று வித்தியாசமில்லாமல் ஆண்டு முழுவதும் இது நடக்கும்.

கடுவன் பின்கழுத்தைக் கவ்வி இணை சேரும். சில நொடிகள்தான். விலகும்போது பெட்டை வீறிட்டு அலறும், கடுவனை நகத்தால் அறையும், உடனே புரண்டு புரண்டு தன் பின்புறத்தை நக்கும். கொல்லையில் இந்த அலறலைக் கேட்டாலோ, வெளியே போய்வந்த பூனையின் பின்கழுத்தில் முடி கலைந்து ஈரமாகவோ பல் பட்டோ இருந்தாலோ, அன்றைய தேதியைக் குறித்துவிடுங்கள். பூனைக்குப் பெரும்பாலும் இணை சேர்ந்த பிறகுதான் கருமுட்டையே வெளிவரும். அதனால் சினை பிடிக்கும் வாய்ப்பு அதிகம். ஒரே ஈற்றில் வெவ்வேறு கடுவன்களின் குட்டிகள்கூடப் பிறக்கலாம்.

கத்தல் அடங்கியதை மட்டும் வைத்துச் சினை என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி கத்தினால் பெரும்பாலும் சினை இல்லை. மூன்றாம் வாரவாக்கில் காம்புகள் சிவந்து புடைத்தால் சினையாக இருக்கலாம். ஐந்தாம் வாரத்துக்குமேல் வயிறு தெரியும். சுமார் 63 முதல் 65 நாளில் குட்டி போடும்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள ஊர்களிலிருந்து பூனையைக் கூடையில் வைத்துக் கீழே கொண்டுவருவது லேசான காரியமில்லை. தேதி கையில் இருந்தால் அலைச்சல் மிச்சம். நான்காவது வாரத்தில் கால்நடை மருத்துவமனைக்கு வந்தால், ஸ்கேனில் மருத்துவர் உறுதியாகச் சொல்லிவிடுவார். சின்னசேலத்துக்கு அருகே தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. நம் பகுதிக்கு அது பெரிய வரம். சினைப் பூனை சோர்ந்து கிடந்தால் வீட்டிலிருக்கும் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். பாரசிட்டமால் பூனையின் உயிரையே குடித்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடி சினையாகக்கூடும். பிறந்த பெட்டைக் குட்டியும் நான்கு மாதத்திலிருந்தே பருவத்துக்கு வரக்கூடும். அதனால்தான் ஒரு பூனை ஓராண்டுக்குள் ஒரு கூட்டமாகிறது. வேண்டாத குட்டிகளைச் சாக்குப்பையில் கொண்டுபோய்ச் சந்தைமேட்டில் விட்டுவிடுகிறார்கள். கண் திறக்காத குட்டிக்குத் தாயின் சூடு இல்லாவிட்டால் பிழைப்பதே கடினம்.

குட்டி வேண்டாம் என்பவர்கள் தயவுசெய்து அந்தப் பாவத்தைச் செய்யாதீர்கள். பெட்டைக்கு நான்கு மாதம் நிறையும்போதே கருத்தடை அறுவை சிகிச்சை பற்றிக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்