எட்டாம் வகுப்புத் தமிழாம்!

நம் பிள்ளைகளின் தமிழை ஏ1, பி2 என்று வெள்ளைக்காரன் அளவுகோலால் அளப்பது அவமானமாம். எட்டாம் வகுப்பு முடித்தவனுக்கு எட்டாம் வகுப்புத் தமிழ் வருமாம், அதற்குமேல் ஆராய ஒன்றுமில்லையாம். சிட்னியில் வெளியான ஆண்டு மலர் ஒன்றில் பெரியவர் ஒருவர் இப்படித் தீர்ப்பு எழுதியிருக்கிறார். கட்டுரை முழுக்கத் தேடினேன். தமிழ் பேசும் பிள்ளை ஒன்றுகூட அதில் தட்டுப்படவில்லை. வகுப்பு எண்ணும் மதிப்பெண்ணும்தான் பேசிக்கொண்டிருக்கின்றன.

திறன்சார் விசாவில் இங்கே வந்த நம்மவர்களுக்கு ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் பட்ட பாடு மறந்திருக்காது. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்கிலும் தனித்தனியே 7 வாங்கினால் விசாவுக்கு 10 புள்ளி, நான்கிலும் 8 என்றால் 20 புள்ளி என்பதுதான் நெடுநாள் விதி. மற்ற மூன்றிலும் 8 வாங்கியும் எழுத்தில் 6.5 விழுந்ததால் அத்தனையையும் கோட்டைவிட்டு, மறுபடி பணம் கட்டி உட்கார்ந்தவர்கள் வென்ட்வர்த்வில்லில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். நான் பி.இ. முடித்தவன், ஆகவே பி.இ. ஆங்கிலம் எனக்கு வரும் என்று அவர்களில் யாரும் குடிவரவுத் துறையிடம் வாதாடவில்லை. வாதாடினால் சிரித்திருப்பார்கள். அதே வாதம் தமிழ் என்று வந்ததும் மலரில் அச்சேறுகிறது.

அளவுகோல் வெள்ளைக்காரனுடையது என்பதையும் பார்த்துவிடுவோம். ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட, ஏ1, பி2 உள்ளிட்ட ஆறு நிலைகள், இந்த நிலையில் இருப்பவரால் இன்னின்னதைச் செய்ய முடியும் என்று விவரிப்பவை. அதை அடியொற்றி 2010இல் ஜப்பான் பவுண்டேஷன் தன் மொழிக்கென்று ஒரு தரநிலை செய்துகொண்டது. 2021இல் சீனா தன் மொழிக்கு ஒன்பது நிலைகள் வகுத்தது. ஜப்பானியரின் மானம் போனதாகத் தகவல் இல்லை. அவ்வளவு தூரம் போவானேன்? 1970களின் இறுதியிலேயே டேவிட் இங்ரமும் எலைன் வைலியும் இந்த ஆஸ்திரேலியாவில் 0 முதல் 5 வரை ஓர் அளவுகோல் உருவாக்கினார்கள். குடியேறி வந்தவர்களின் ஆங்கிலத்தை மதிப்பிடப் பிறந்த அதுவும் நான்கு திறனுக்கும் தனித்தனி மதிப்புத்தான் போட்டது.

இனி அந்த எட்டாம் வகுப்புக்குள் போவோம். டூங்காபியிலோ கிளேட்டனிலோ எந்தச் சனிக்கிழமை வகுப்பிலும் இந்த இருவரையும் பார்க்கலாம். ஒருத்தி பாட்டி மடியில் வளர்ந்தவள். வாய் ஓயாது, கதை சொன்னால் கடைசிவரை கேட்பாள், நடுவில் குறுக்குக் கேள்வியும் போடுவாள். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் எழுத்துக் கூட்டி ஒரு வரியைக் கடப்பதற்குள் வியர்த்துவிடும். பக்கத்து இருக்கைக்காரனின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பத்துக் குறளைப் பிழையில்லாமல் எழுதித் தருவான். ‘நேத்து எங்கடா போனே?’ என்றால் ‘யெஸ்’ என்பான். இருவருக்கும் ஒரே பாடம், ஒரே சான்றிதழ். பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் இவ்வளவு விலகி நிற்கும் நம் மொழியில் இந்தக் கூத்து இன்னும் மோசமாகிறது. அந்த வாயாடிக்கே எஸ்பிஎஸ் வானொலியின் தமிழ்ச் செய்தியைப் போட்டுக் கேட்க வையுங்கள், பாதியில் விழிப்பாள். எட்டு என்ற ஒற்றை எண் சொல்வது பிள்ளையின் வயதை மட்டும்தான்.

பெரியவர் தம் வாதத்துக்குச் சான்றுகளும் அடுக்கியிருக்கிறார். விக்டோரியாவின் பள்ளியிறுதித் தேர்வான விசிஇயில் தமிழுக்குக் கிடைக்கும் மதிப்பெண் முதலாவது. மொழிப் படிப்பை ஊக்குவிக்க அங்கே ஒவ்வொரு மொழியின் சராசரியிலும் 5 கூட்டுகிறார்கள். நல்ல ஏற்பாடு, ஆனால் அந்த ஐந்து அரசு கொடுத்தது, பிள்ளை படித்து வாங்கியதல்ல. அடுத்தது, விசாவுக்கு 5 புள்ளி தரும் சிசிஎல் தேர்வு, மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தரச்சான்று தரும் நாட்டி அமைப்பு நடத்துவது. இரண்டு உரையாடல்களைக் கேட்டு வாயால் மொழிபெயர்க்க வேண்டும், தேற 90க்கு 63ஆவது எடுக்க வேண்டும். ஒரு தமிழ் எழுத்தைக்கூட வாசிக்க வேண்டாம், எழுத வேண்டாம். தேறியவரை மெச்சுவோம். அவருக்குத் ‘தமிழில் முழுத் தேர்ச்சி’ என்று பட்டம் கட்டுவது மலர்க்குழுவின் தாராளம். கடைசியாக, 2021 மக்கள்தொகைக் கணக்கில் வீட்டில் தமிழ் பேசுவதாகச் சொன்ன 95 ஆயிரத்துச் சொச்சம் பேர். அந்தப் படிவத்தில் ஆங்கிலம் எவ்வளவு நன்றாகப் பேசுவீர்கள் என்ற கேள்வி உண்டு. தமிழைப் பற்றி அப்படி ஒரு கேள்வியே கிடையாது. கேட்காத கேள்விக்கு இவருக்கு மட்டும் பதில் கிடைத்துவிட்டது.

உண்மை நிலையைச் சொன்னால் பெற்றோர் மனம் நொந்து பிள்ளையை நிறுத்திவிடுவார்கள் என்று அஞ்சுகிறார். கட்டுரையில் பொருட்படுத்தத் தக்கது இது ஒன்றுதான். ஆனால் ‘உங்கள் மகளுக்குக் கேட்பது அருமையாக வருகிறது, வாசிப்பு எழுத்துக் கூட்டும் அளவில் நிற்கிறது’ என்று ஆசிரியர் சொன்னால், இரவில் பத்து நிமிடம் கதைப் புத்தகத்தோடு உட்கார வேண்டும் என்பதாவது அந்தத் தாய்க்குத் தெரியும். ‘எட்டாம் வகுப்பு, நன்று’ என்ற சான்றிதழை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் சனிக்கிழமை வகுப்பைவிட்டு நழுவும் பிள்ளைகள் இப்போதும் இருக்கத்தானே செய்கிறார்கள். அவர்களுக்கு எந்த அளவுகோலையும் யாரும் காட்டவில்லை. அவர்கள் எதற்கு அஞ்சி ஓடினார்கள் என்று பெரியவர் அடுத்த மலரில் எழுதட்டும்.